விமானிகளின் களைப்பும் டியூட்டி நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு விமான நிறுவனத்தின் ரோஸ்டர் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். எந்த பைலட் எந்த நாளில் எந்த ஃபிளைட்டில் போகவேண்டும் என்று அட்டவணை போடும் இடம் அது. 2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தாகி மக்கள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்த வாரத்திலிருந்து, சொந்தக்காரர்கள், குடியிருப்பில் உள்ளவர்கள், பழைய நண்பர்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பைலட் வாரத்துக்கு 35 மணி நேரம்தான் பறக்கலாமாமே? நாங்க 50 மணி நேரம் ஆபீஸ்ல உட்கார்றோம். அவங்களுக்கு என்ன களைப்பு?

35 மணி நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டும். விமானம் புறப்பட நகர ஆரம்பித்ததிலிருந்து இறங்கி நிற்கும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. டியூட்டி நேரம் வேறு. விமானம் கிளம்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே ரிப்போர்ட் செய்யவேண்டும், வானிலை, எரிபொருள், விமானத்தின் பழுது விவரம் எல்லாம் பார்க்கவேண்டும், ஒவ்வொரு ஊரிலும் பயணிகள் இறங்கி ஏறும் வரை காத்திருக்கவேண்டும், தாமதமானால் அதுவும் சேரும். சென்னையிலிருந்து ஹைதராபாத் போய்த் திரும்பி, மறுபடி மதுரை போய்த் திரும்பினால் பறந்த நேரம் ஐந்து மணி நேரத்துக்குள் இருக்கலாம், ஆனால் டியூட்டி எட்டு ஒன்பது மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஏழு நாளில் 60 மணி நேரம் வரை டியூட்டி இருக்கலாம் என்று விதி.

அதற்கும் வெளியே ஒரு நேரம் இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் வராது. காலை 5 மணிக்கு ரிப்போர்ட்டிங் என்றால் 3 மணிக்கு எழவேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் 7 மணிக்கே தூங்கினால்தான் எட்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். வீட்டில் குழந்தைகள் உள்ள எவரால் 7 மணிக்குத் தூங்க முடியும், சொல்லுங்கள்.

நர்ஸ், லாரி டிரைவர், ஐடி நைட் ஷிஃப்ட்காரங்க எல்லாரும்தான் ராத்திரி முழிக்கிறாங்க. பைலட்டுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

அவர்களுக்கும் நல்ல ஓய்வு விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி நெடுஞ்சாலையில் நடக்கும் லாரி விபத்துகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒருவருக்குக் கிடைக்காததை இன்னொருவரிடமிருந்து பிடுங்குவது தீர்வாகாது.

பைலட்டின் டியூட்டியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: நேரம் நிலையாக இருக்காது. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்ப்பவரின் உடம்பு ஓரளவாவது பழகிக்கொள்ளப் பார்க்கும். இங்கே திங்கள் அதிகாலை, செவ்வாய் மதியம், புதன் நள்ளிரவு, வெள்ளி மறுபடி அதிகாலை என்று மாறிக்கொண்டே இருக்கும். உடம்பின் உள்கடிகாரம் எதற்கும் பழக முடியாது. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் மனித உடம்பு மிகவும் சோர்ந்து கிடக்கும் நேரம், அந்த நேரத்தில்தான் வளைகுடாவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் கொச்சிக்கும் வரும் விமானங்களில் பல தரையிறங்குகின்றன.

களைப்புன்னா தூக்கம் வர்றதுதானே? ஸ்ட்ராங்கா ஒரு காபி குடிச்சா சரியாயிடாதா?

காபி கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்துவைக்கும், இழந்த தூக்கத்தைத் திருப்பித் தராது. தூக்கம் வருவது களைப்பின் ஒரு பகுதிதான். அதைவிட ஆபத்தானது முடிவெடுக்கும் திறன் மங்குவது. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கவனிக்காமல் விடுவது, கேட்டது மனதில் பதியாமல் போவது, ‘பரவாயில்லை, இப்படியே இறக்கிடலாம்’ என்று தோன்றுவது, சில விநாடிகள் கண் திறந்தபடியே மூளை தூங்கிவிடுவது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடலாம். இந்தியாவில் டியூட்டிக்கு முன் பைலட்டுகளுக்கு அந்தச் சோதனையும் உண்டு. தூக்கமின்மையைக் காட்டும் கருவி விமான நிலைய வாசலில் கிடையாது.

இன்னொன்று, களைத்துப்போனவருக்குத் தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. அதை மதிப்பிட வேண்டிய மூளையே களைத்திருக்கிறதே. பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா பயமுறுத்தாதீங்க. பைலட் தூங்கினதால நிஜமாவே விபத்து நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, நம் பக்கத்திலேயே. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி மலைச்சரிவில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். காக்பிட்டின் குரல் பதிவு 2 மணி 5 நிமிடம் ஓடியது. அதில் முதல் 1 மணி 40 நிமிடத்துக்கு இருவருக்கும் இடையே பேச்சே இல்லை, கேப்டன் ஆழ்ந்து மூச்சுவிடும் சத்தமும் குறட்டையும்தான் பதிவாகியிருந்தன. இறங்கும் நேரம் நெருங்கியபோது எழுந்தவர், விமானம் அதிக உயரத்தில் இருந்ததைச் சரியாக உள்வாங்கவில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, மூன்று முறை ‘கோ அரவுண்ட்’ என்று சொன்னார், அதாவது இறங்காமல் மேலே போய்ச் சுற்றி வரலாம் என்று. விமானத்தின் எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் இறக்கினார். ஆழ்ந்து தூங்கி எழுந்தவுடன் மூளைக்கு இருக்கும் மந்தநிலையும், அதிகாலை நேரமும் காரணங்களாக விசாரணை அறிக்கையில் இடம்பெற்றன.

அமெரிக்காவில் விமானியின் களைப்பையே விபத்தின் காரணமாக முதன்முதலில் எழுதியது 1993 ஆகஸ்டில் குவாண்டனாமோ வளைகுடாவில் விழுந்த சரக்கு விமான விஷயத்தில். விழாமல் தப்பிய சம்பவமும் உண்டு: 2017 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையாக நின்றிருந்த பக்கத்துப் பாதையில் இறங்கப் போனது, தரைக்கு 60 அடி உயரம்வரை வந்து கடைசி நேரத்தில் மேலே ஏறியது. அந்த கேப்டன் அப்போது 19 மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருந்தார்.

ரெண்டு பைலட்டும் ஒரே நேரத்துல தூங்கிட்டா?

அதுவும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாட்டிக் ஏர் விமானத்தில் இருவரும் சுமார் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். கேப்டன் சொல்லிவிட்டுத்தான் ஓய்வெடுத்தார், துணை விமானி தன்னையறியாமல் தூங்கிப்போனார். அவர் வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள், ராத்திரி தூக்கமில்லை. தரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வரவில்லை, கேப்டன் தானாக எழுந்தபோது விமானம் பாதை விலகியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2022 ஆகஸ்டில் கார்ட்டூமிலிருந்து அடிஸ் அபாபா வந்த எத்தியோப்பியன் விமானம் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி 37,000 அடியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஆட்டோபைலட் துண்டித்துக்கொண்டு எழுப்பிய மணிச் சத்தத்தில்தான் விமானிகள் எழுந்தார்கள்.

ஆட்டோபைலட்தானே ஓட்டுது? இவங்க தூங்கினா என்ன, முழிச்சா என்ன?

மேலே சொன்ன இரண்டு விமானங்களும் விழாமல் இருந்ததற்குக் காரணம் ஆட்டோபைலட்தான், உண்மை. ஆனால் அது கொடுத்த கட்டளையை மட்டும்தான் பின்பற்றும். எதிரே மேகக்கூட்டம் வந்தால், கட்டுப்பாட்டு அறை உயரத்தை மாற்றச் சொன்னால், இன்ஜினில் கோளாறு வந்தால், பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் மனிதர்தான் முடிவெடுக்கவேண்டும். 2014 ஆகஸ்டில் மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போன ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கிக்கு மேலே 5,000 அடி இறங்கிவிட்டது. கேப்டன் முறைப்படி ஓய்வில் இருந்தார், துணை விமானியின் கவனம் கையிலிருந்த டேப்லெட்டில் இருந்தது. கட்டுப்பாட்டு அறை கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இருட்டில், ஒரே மாதிரி இரைச்சலில், எதுவும் நடக்காத திரைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு விழிப்போடு இருப்பது மனித உடம்புக்கு இயல்பாக வராத வேலை. ஆட்டோபைலட் வந்தபிறகு அந்தப் பகுதி கூடியிருக்கிறது.

காக்பிட்ல தூங்குறதுக்குச் சட்டப்படியே அனுமதி உண்டுன்னு கேள்விப்பட்டேன். அதிர்ச்சியா இருக்கு, உண்மையா?

உண்மை, அதிர்ச்சியடைய வேண்டாம். ‘கன்ட்ரோல்டு ரெஸ்ட்’ என்பார்கள். விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது, ஒருவர் விழித்திருக்க, மற்றவர் சொல்லிவிட்டு இருக்கையிலேயே சிறிது நேரம் கண் மூடலாம். இறங்க ஆரம்பிப்பதற்கு நன்றாக முன்பே எழுந்துவிட வேண்டும், ஏன் என்பது மங்களூரு பதிலில் இருக்கிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இதற்கு இடமுண்டு, அமெரிக்காவில் இல்லை. அந்த அமெரிக்காவின் நாசா நடத்திய ஆய்வில்தான் 40 நிமிட வாய்ப்பு கொடுத்து சராசரியாக 26 நிமிடம் தூங்கிய விமானிகளின் செயல்திறன் 34 சதவீதமும் விழிப்புநிலை 54 சதவீதமும் மேம்பட்டது என்று கண்டார்கள்.

சொல்லிவிட்டு ஒருவர் தூங்குவது பாதுகாப்பு, சொல்லாமல் இருவரும் சாய்வதுதான் ஆபத்து. ஆனால் இதை நம்பி ரோஸ்டர் போடக்கூடாது. எதிர்பாராத களைப்புக்கான கடைசி மருந்து இது. ‘நடுவில் கொஞ்சம் கண்ணயரட்டும்’ என்று திட்டமிட்டே இறுக்கமாக டியூட்டி போடுவது தப்பு.

சிங்கப்பூர்லேர்ந்து நியூயார்க் 18 மணி நேரம் போகுதே, அவங்கதானே ரொம்பப் பாவம்?

அந்த விமானத்தில் நான்கு விமானிகள் இருப்பார்கள், படுத்துத் தூங்கத் தனிப் படுக்கை உண்டு, முறைவைத்து மாறிக்கொள்வார்கள். நேர மண்டலம் மாறுவதால் வரும் உடல் குழப்பம் அவர்களுக்கு நிச்சயம் அதிகம். ஆனால் என்னிடம் வந்த புலம்பல்களில் பெரும்பாலானவை குறுகிய தூரக்காரர்களிடமிருந்துதான். ஒரே நாளில் நான்கு ஐந்து முறை ஏறி இறங்குவது, ஒவ்வொரு முறையும் அதே கவனம், நடுவில் சாப்பிடக்கூட நேரமில்லாத அரை மணி இடைவெளி, படுக்கை கிடையாது, மூன்றாவது ஆளும் கிடையாது.

லேஓவர்ல நல்ல ஹோட்டல், ஏசி ரூம். அதைவிட என்ன ஓய்வு வேணும்?

லேஓவர் என்பது இரண்டு டியூட்டிக்கு நடுவில் வெளியூரில் தங்குவது. அறை நன்றாகத்தான் இருக்கும். எந்த நேரத்தில் அந்த அறை கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். குறைந்தபட்ச ஓய்வு 12 மணி நேரம், அல்லது முந்தைய டியூட்டி எவ்வளவு நேரமோ அவ்வளவு, எது அதிகமோ அது. காலை 8 மணிக்கு டியூட்டி முடிந்து ராத்திரி 8 மணிக்கு மறுபடி தயாராக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் போய்வரும் நேரம், குளியல், சாப்பாடு போக மிச்சம் பகல் நேரத் தூக்கம். வெளியே வெளிச்சம், வராந்தாவில் துப்புரவுச் சத்தம், உடம்போ விழித்திருக்கச் சொல்கிறது. காகிதத்தில் 12 மணி நேர ஓய்வு, உள்ளபடி நான்கு ஐந்து மணி நேரத் தூக்கம்.

டிஜிசிஏ புதுசா கொண்டுவந்த விதி என்னங்க? டிவில பார்த்தும் புரியலை.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்புதான் டிஜிசிஏ. 2024 ஜனவரியில் அது திருத்தி வெளியிட்ட டியூட்டி நேர விதிகள் அவை, பைலட்டுகள் எஃப்டிடிஎல் என்பார்கள். முக்கியமானவை நான்கு. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ‘இரவு’ என்பது முன்பு 12 மணி முதல் 5 மணி வரை, இப்போது 6 மணி வரை, அதாவது உடம்பு சோர்ந்த அந்தக் கடைசி ஒரு மணி நேரமும் கணக்கில் வந்தது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. இரவைத் தொடும் டியூட்டியில் பறப்பது 8 மணி நேரம், மொத்த டியூட்டி 10 மணி நேரம் என்று வரம்பு வந்தது. களைப்பு பற்றிய அறிக்கையை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டும் என்பதும் சேர்ந்தது.

முதலில் 2024 ஜூன் 1 முதல் அமலாக வேண்டியது. நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடர்ந்து கேட்டதால் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக வந்தது. இரவு வரம்புகள் இரண்டாம் கட்டத்தில் இருந்தன.

அந்த விதியாலதானே டிசம்பர்ல எங்க டிக்கெட் எல்லாம் கேன்சல் ஆச்சு? நல்லது பண்றேன்னு கெடுத்துட்டாங்களே?

உங்கள் கோபம் நியாயம், திசைதான் தப்பு. விதி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. வெளியான நாளிலிருந்து இரண்டாம் கட்டம் வரும்வரை கிட்டத்தட்ட 22 மாதம் இருந்தது. மற்ற நிறுவனங்களும் அதே விதியில்தான் பறந்தன. உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரைச் சுமக்கும் இண்டிகோவிடம் புதிய வரம்புக்குத் தேவையான எண்ணிக்கையில் விமானிகள் தயாராக இல்லை, ஆனால் குளிர்கால அட்டவணையில் விமானங்கள் குறையவில்லை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தானது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இரவு வரம்புகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்குக் காட்டக்கூடாது என்று இருந்ததையும் டிஜிசிஏ திரும்பப் பெற்றது. நிறுவனத்துக்கு நோட்டீஸ் போனது, அட்டவணையில் 10 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், பிறகு அபராதமும் வந்தது, எல்லாம் சரி. ஆனால் ஆள் சேர்க்காத திட்டமிடலின் விலையை விமானியின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ரோஸ்டர் போட்ட எனக்கு அதன் கணக்கு தெரியும்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு விலக்கும் யாரோ ஒருவரின் ராத்திரியாகத்தான் வந்து நிற்கும்.

‘எனக்குக் களைப்பா இருக்கு, ஓட்ட மாட்டேன்’னு ஒரு பைலட் சொல்லிட முடியாதா?

சட்டப்படி முடியும். சொல்லவேண்டும் என்றே விதி இருக்கிறது. தகுதியில்லாத நிலையில் விமானத்தை இயக்குவதுதான் குற்றம். அதற்கு ‘ஃபெட்டீக் ரிப்போர்ட்’, அதாவது களைப்பு அறிக்கை, என்று ஒன்று உண்டு, அதற்காகத் தண்டிக்கக்கூடாது.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பதையும் சொல்கிறேன். நான் இருந்த இடத்தில் அப்படி ஒரு அழைப்பு வந்தால் முதல் கேள்வி ‘ஏன், 12 மணி நேரம் ரெஸ்ட் கொடுத்திருக்கோமே’ என்பதாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கம் கேட்டு மெயில், மருத்துவரைப் பார்த்துவரச் சொல்வது, மேலதிகாரியின் ‘நட்பான’ தொலைபேசி. யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. ஆனால் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் இளம் ஃபர்ஸ்ட் ஆபீசர் இரண்டாவது முறை அந்த அழைப்பைச் செய்ய யோசிப்பார். இன்னொரு பக்கம் சம்பளம்: ஒரு பகுதி நிலையானது, மீதி பறக்கும் மணிக்கணக்கில். ஓட்டமாட்டேன் என்றால் பணம் போகும். மூன்றாவது கேள்வியின் பதிலில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தன் களைப்பின் அளவு அவருக்கே சரியாகத் தெரியாது. இத்தனையையும் தாண்டி ஒருவர் ‘முடியவில்லை’ என்று சொல்கிறார் என்றால் அதை அப்படியே நம்புவதுதான் சரியான நிர்வாகம்.

அதான் சொல்லாம கொள்ளாம எல்லாரும் சேர்ந்து சிக் லீவ் போட்டுடறாங்களோ?

அப்படியும் நடந்திருக்கிறது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டமாக மருத்துவ விடுப்பில் போனார்கள், சங்கம் அமைத்ததற்காகச் சிலர் நீக்கப்பட்டதுதான் காரணம். 2024 ஏப்ரலில் விஸ்தாரா தினமும் 25, 30 விமானங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஏர் இந்தியாவோடு இணையும்போது 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று மாறியதும், ஏற்கெனவே இழுத்துப்பிடித்து ஓட்டிய ரோஸ்டரும் சேர்ந்த கோபம் அது. பயணிகள் அவதிப்பட்டார்கள், அதை நான் நியாயப்படுத்தவில்லை. பேசுவதற்கு வழி இருக்கும் இடத்தில் இது நடப்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லா சிக் லீவும் போராட்டம் கிடையாது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு நான்கு நாள் கழித்து ஏர் இந்தியாவில் 112 விமானிகள் உடல்நலமில்லை என்று சொன்னதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. கூடப் பறந்தவர்களை இழந்த மறுவாரத்தில் அதே சீட்டில் உட்கார முடியாமல் போவதை நான் குறையாக நினைக்கவில்லை.

மனசு சரியில்லைன்னா வெளிப்படையாச் சொல்ல முடியுமா?

சொல்வது கடினம். விமானியின் பிழைப்பே மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது, அது நிறுத்தப்பட்டால் சம்பளமும் நிற்கும். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி வேண்டுமென்றே விமானத்தை மலையில் மோதி 150 பேர் இறந்தார்கள். அவர் தன் நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அதற்குப் பிறகு ஐரோப்பா, விமானிகள் தங்களில் பயிற்சி பெற்ற ஒருவரிடமே ரகசியமாகப் பேசும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் டிஜிசிஏ 2023-ல் அதேபோன்ற வழிகாட்டுதல் கொடுத்தது. பேசினால் வேலை போகாது என்ற நம்பிக்கை வந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்கு உயிர் வரும். தொடர்ந்து தூக்கம் கெடுவது மனச்சோர்வுக்கு நேர் வழி, ஆகவே இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

லட்சக்கணக்குல சம்பளம். பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாமே?

கேப்டன்களுக்கு நல்ல சம்பளம், மறுக்கவில்லை. அந்த இடத்துக்கு வர வருடங்கள் ஆகும். பயிற்சிக்கும், குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்து அரைக்கோடியிலிருந்து ஒரு கோடி வரை செலவாகிறது, வீட்டை அடமானம் வைத்தவர்களும் உண்டு. கடன் கட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர் எதிர்த்துப் பேசுவாரா?

மாறுவதும் எளிதில்லை. 2017-ல் வந்த விதிப்படி கேப்டன் 12 மாதமும் ஃபர்ஸ்ட் ஆபீசர் 6 மாதமும் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர் இன்னும் ஒரு வருடம் அதே ரோஸ்டரில் பறக்கவேண்டும். பயணிகளின் நலனுக்காக என்று காரணம் சொல்கிறார்கள். மனம் விட்டுப்போன ஒருவரை ஒரு வருடம் காக்பிட்டில் கட்டிவைப்பதில் பயணிக்கு என்ன நலன் என்று எனக்குப் புரியவில்லை.

ரோஸ்டர்ல ஒரு விதியும் மீறலைன்னா, பாதுகாப்பா இருக்குன்னுதானே அர்த்தம்?

இதுதான் உள்ளதிலேயே முக்கியமான கேள்வி. இல்லை என்பதுதான் பதில். விதி சொல்வது உச்சவரம்பு, குறிக்கோள் அன்று. ஒவ்வொரு டியூட்டியும் வரம்புக்குள் இருக்கும், நான்கு நாளைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் நொறுங்கியிருப்பார். அதிகாலை டியூட்டி, பிறகு மாலை, பிறகு ஸ்டாண்ட்பை என்று வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது, கடைசி நிமிடத்தில் நைட் ஃபிளைட். கணினி பச்சை விளக்கு காட்டும். பல நாடுகளில் ரோஸ்டரைத் தூக்க அறிவியல் மாதிரிகளில் போட்டுச் சோதிக்கிறார்கள், களைப்பு அறிக்கைகளை வைத்து எந்த டியூட்டி ஆளைச் சாய்க்கிறது என்று பார்த்து மாற்றுகிறார்கள். அறிக்கை கொடுக்கவே பயம் இருக்கும் இடத்தில் அந்தத் தகவல் வராது.

வரம்பையே மீறுவதும் நடக்கிறது. டியூட்டி நேர விதிமீறலுக்காக 2024 மார்ச்சில் ஏர் இந்தியாவுக்கு 80 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. 2025-ல் அதே நிறுவனத்தின் பெங்களூரு–லண்டன் விமானங்கள் 10 மணி நேர வரம்பைத் தாண்டியதற்குப் பிறகு மூன்று அதிகாரிகளை ரோஸ்டர் பொறுப்பிலிருந்து நீக்கச் சொன்னது டிஜிசிஏ.

ஆள் பற்றாக்குறை எங்கெல்லாம் போய்த் தொடும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்தைப் பாருங்கள், 21 பேர் இறந்தார்கள். களைப்பு அங்கே முதன்மைக் காரணம் இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் போதுமான கேப்டன்கள் இல்லை, வேறு ஊருக்குத் திருப்பினால் மறுநாள் காலை விமானத்தை அந்தக் கேப்டனால் எடுக்க முடியாமல் போகும், அந்த எண்ணம் மழையில் அங்கேயே இறங்கும் முடிவைப் பாதித்தது என்று அறிக்கை சொல்கிறது.

‘க்ரூ டைம் முடிஞ்சிடுச்சு’ன்னு சொல்லி ஏறி உட்கார்ந்த எங்களை இறக்கி விட்டாங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினா குடியா முழுகிடும்?

எதிர்பாராத தாமதத்தில் டியூட்டி நேரத்தைக் குறிப்பிட்ட அளவு நீட்டிக்க கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. அதையும் தாண்டியிருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம் அவருடைய நாளின் கடைசி மணி நேரம், அதன் முடிவில்தான் தரையிறக்கம் வருகிறது. இறங்கச் சொன்ன விமானியைத் திட்டாதீர்கள், அவர் அன்று சரியானதைச் செய்தார்.

உங்கள் உரிமையைக் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். உரிய முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால், நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாதபட்சத்தில், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீட்டுக்கு வழியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை கையை மீறிய காரணம் ஆகாது என்று எழுத்தில் வாதாடுங்கள்.

வருங்காலத்துல ஒரே பைலட் போதும்னு வரப்போகுதாமே?

நீண்ட தூரத்தில் விமானம் நிலையாகப் பறக்கும் நேரத்தில் மட்டும் ஒருவர் போதுமா என்று உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, இப்போதைய காக்பிட் வடிவமைப்பில் அதே அளவு பாதுகாப்பைக் காட்ட முடியாது என்று 2025-ல் சொல்லிவிட்டது. பாட்டிக் ஏர் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள், அங்கே கடைசியில் எழுந்தது இருவரில் ஒருவர்.

இதெல்லாம் படிச்ச பிறகு கேட்கிறேன். பையன் பைலட் ஆகணும்ங்கிறான், சேர்க்கலாமா?

ஆசை உண்மையாக இருந்தால் சேருங்கள். அந்த வேலையை உயிராக நேசிக்கும் ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், நல்ல ரோஸ்டர் கிடைத்த மாதத்தில் அவர்கள் முகமே வேறாக இருக்கும். ஆனால் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பறக்கும் இரண்டு மூன்று ஃபர்ஸ்ட் ஆபீசர்களைத் தேடிப் பேசுங்கள்: மாதத்தில் எத்தனை இரவு, ரோஸ்டர் எத்தனை நாள் முன்பு கைக்கு வருகிறது, கடைசி நேரத்தில் எவ்வளவு மாறுகிறது, களைப்பு என்று சொன்னால் எதிர்ப்பக்கம் என்ன பதில் வருகிறது, பாண்ட் (இத்தனை வருடம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்) எவ்வளவு. உரிமம் வாங்கியும் வேலைக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1 மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கிளாஸ் 1 கிடைக்காவிட்டால் வணிக விமானி உரிமம் கிடையாது, கட்டிய கட்டணத்தைப் பள்ளிகள் லேசில் திருப்பித் தருவதில்லை.